பக்டவுன் சாலையோரப் பலகை: ஆண்டும் தப்பு, எண்ணிக்கையும் தப்பு. மாற்றலாமா, விடலாமா?

விரிகுடாக்காரன் (இழையைத் தொடங்கியவர்)
ஞாயிறு, இரவு 9:12

நேற்று மேரிலாந்தின் கிழக்குக் கரைக்குப் போய் வந்தோம். எட்டாவது படிக்கும் என் பெண்ணுக்கு, அடிமையாகப் பிறந்து, தப்பி, பிறரையும் தப்ப வைத்த ஹாரியட் டப்மனைப் பற்றி எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். "நெட்டில் பார்த்து எழுதுவதற்கு நேரிலேயே போய்ப் பார்த்துவிடலாமே" என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். அப்புறம் என்ன, காலை ஆறரைக்கே வண்டியை எடுக்க வேண்டியதாயிற்று.

விரிகுடாப் பாலத்தைத் தாண்டி, 50-ஆம் எண் நெடுஞ்சாலையில் சாப்டாங்க் ஆற்றைக் கடந்தால் கேம்பிரிட்ஜ். இங்கிலாந்து கேம்பிரிட்ஜ் இல்லை, டார்செஸ்டர் கவுண்டியின் தலைநகரான சின்ன ஊர். அங்கிருந்து தெற்கே போகப் போக வீடுகள் குறைந்து வயல் மட்டும் மிஞ்சுகிறது. சோயா, மக்காச்சோளம், தூரத்தில் பைன் மரங்கள், அதற்கும் அப்பால் சதுப்பு. தரை தட்டு மாதிரி கிடக்கிறது. பக்டவுன் பக்கம், கிரீன்பிரையர் ரோடு என்ற ஒடுங்கிய சாலையில், ஒரு வயலோரமாக அந்தப் பலகை தனியாக நிற்கிறது. பின்னால் இருப்பது பிராடெஸ் பண்ணை நிலம், டப்மனைச் சிறுவயதில் அடிமையாக வைத்திருந்த குடும்பத்தினுடையது. இப்போது தனியார் இடம். உள்ளே போக முடியாது, போகவும் கூடாது. இறங்கி, படித்து, படம் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

பலகையில் இருப்பதைத் தமிழில் தருகிறேன்:

"ஹாரியட் டப்மன், 1820–1913. 'தன் மக்களின் மோசே' எனப்பட்ட, பக்டவுன் வட்டாரத்து ஹாரியட் டப்மன், தனக்கும் தான் வடக்கே அழைத்துச் சென்ற ஏறத்தாழ முந்நூறு அடிமைகளுக்கும் விடுதலை தேடிக்கொண்டார். உள்நாட்டுப் போரில் ஒன்றியப் படைக்குத் தாதியாகவும் சாரணராகவும் உளவாளியாகவும் பணியாற்றினார்."

அடியில் மேரிலாந்து உள்நாட்டுப் போர் நூற்றாண்டு ஆணையத்தின் பெயர்.

சிக்கல் அதற்கப்புறம்தான். அங்கிருந்து சர்ச் கிரீக்கில் உள்ள டப்மன் பார்வையாளர் மையத்துக்குப் போனோம் (2017-இல் திறந்தது, நன்றாகச் செய்திருக்கிறார்கள்). அங்கே பிறந்த ஆண்டு 1822. நேரில் அழைத்துச் சென்றவர்கள் சுமார் 70 பேர். பெண் காரில் திரும்பும்போது கேட்டாள்: "அப்பா, இரண்டுமே அரசாங்கம் வைத்தது. நான் எதை எழுதட்டும்?"

எனக்குப் பதில் வரவில்லை. இங்கே வரலாறு படித்தவர்கள் இருக்கிறீர்கள். அந்தப் பலகையைக் கழற்றிவிட்டுப் புதிதாக எழுதி வைக்க வேண்டாமா? இல்லை, அப்படியே விட்டுவிடலாமா?

---

கோவை_குசும்பன்
ஞாயிறு, இரவு 9:31

அண்ணா, ஒரு பாமரக் கேள்வி. இவர் ஓட்டிய "நிலத்தடி ரயில்" நிஜமாகவே சுரங்கத்தில் போனதா? சென்னை மெட்ரோ மாதிரி?

இன்னொன்று. "ஆயிரம் அடிமைகளை விடுவித்தேன், தாங்கள் அடிமைகள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தால் இன்னும் ஆயிரம் பேரை விடுவித்திருப்பேன்" என்று இவர் சொன்னதாக வாட்ஸ்அப்பில் வந்ததே. அப்போது 70-ம் இல்லை, 300-ம் இல்லை, ஆயிரமா?

---

பழுப்பேடு
ஞாயிறு, இரவு 10:48

குசும்பனுக்கு முதலில். சுரங்கமும் இல்லை, தண்டவாளமும் இல்லை. தப்பி ஓடுகிறவர்களுக்குச் சோறு போட்டு, ஒளித்து வைத்து, அடுத்த வீட்டுக்குக் கடத்திவிட்ட ஆட்களின் கண்ணிக்குத்தான் அந்தப் பெயர். ரயில் புதிதாக வந்த காலம் என்பதால் வழிகாட்டியை "கண்டக்டர்" என்றார்கள், ஒளிந்திருக்கும் வீட்டை "ஸ்டேஷன்" என்றார்கள். நடந்ததெல்லாம் கால்நடையிலும் படகிலும் குதிரை வண்டியிலும்.

அந்த ஆயிரம் பேர் வாசகம் போலி. அவர் காலத்துப் பதிவு எதிலும் அது கிடையாது. யோசித்துப் பார்த்தாலே இடிக்கும். சாட்டையடி வாங்கியவனுக்கு, பிள்ளையை ஏலத்தில் பறிகொடுத்தவளுக்குத் தான் அடிமை என்று தெரியாதா? அந்த வாசகத்தை எழுதியவருக்கு அடிமைப்பட்டவர்கள் மேல் ஓர் இளக்காரம் இருந்திருக்கிறது. டப்மனுக்கு அது இல்லை.

"தலைக்கு 40,000 டாலர் பரிசு" என்றும் சுற்றும். அதுவும் பிற்காலத்து ஊதல். அவர் பெயரில் உண்மையில் கிடைத்திருக்கும் அறிவிப்பு ஒன்று உண்டு. அவரை அடிமையாக வைத்திருந்த எலைசா பிராடெஸ் என்ற விதவை 1849 அக்டோபர் 3 தேதியிட்டுக் கொடுத்த பத்திரிகை விளம்பரம். ஹாரி, பென், மின்டி என மூவர் செப்டம்பர் 17 அன்று ஓடிவிட்டார்கள், மாநிலத்துக்கு வெளியே பிடித்தால் ஆளுக்கு 100 டாலர், உள்ளேயே பிடித்தால் 50. மின்டிதான் நம் ஹாரியட். இயற்பெயர் அராமின்டா ராஸ். தம்பிகள் இருவரும் பாதி வழியில் பயந்து திரும்பிவிட, கொஞ்ச நாளில் தனியாகக் கிளம்பிப் பென்சில்வேனியா சேர்ந்தார். அந்த விளம்பரத்தின் தலைப்பே "முந்நூறு டாலர் பரிசு" என்பதுதான். முந்நூறு என்ற எண்ணுக்கும் இந்தப் பெண்ணுக்கும் ஏதோ பூர்வஜென்மத் தொடர்பு.

இனிப் பலகைக்கு வருவோம்.

பிறந்த ஆண்டு: அவருக்கே சரியாகத் தெரியாது. ஒரு சமயம் 1820 என்பார், ஒரு சமயம் 1825 என்பார். அடிமைக்குப் பிறப்புச் சான்றிதழ் யார் எழுதினார்கள்? ஆனால் கணக்குப் புத்தகம் எழுதினார்கள். அவருடைய தாய் ரிட்டுக்குப் பிரசவம் பார்த்த மருத்துவச்சிக்கு 2 டாலர் கொடுத்ததாக 1822 மார்ச் 15 தேதியில் ஒரு செலவுக் குறிப்பு கிடைத்திருக்கிறது. 1849 விளம்பரம் மின்டிக்கு "சுமார் 27 வயது" என்கிறது. கழித்துப் பாருங்கள், ஒத்துப்போகும். தன் பிள்ளையின் பிறப்பு அந்தத் தாய்க்குச் சொந்தமாக எழுதி வைக்கப்படவில்லை, எஜமானனின் செலவாக எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

எண்ணிக்கை: 19 பயணம், 300 பேர் என்பது சாரா பிராட்ஃபோர்ட் 1868-இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றிலிருந்து கிளம்பியது. டப்மனுக்குப் பணமுடை, அந்த நூல் விற்று உதவட்டும் என்று அவசரமாகச் செய்த வேலை. ஆனால் 1850-களின் கடைசியில் அடிமை ஒழிப்புக் கூட்டங்களில் டப்மனே சொல்லிவந்தது எட்டு அல்லது ஒன்பது பயணம், ஐம்பது அறுபது பேர் என்றுதான். பின்னால் வந்த ஆய்வாளர்கள் ஆள் ஆளாகப் பெயர் தேடிக் கணக்குப் போட்டு, சுமார் 13 பயணம், சுமார் 70 பேர் என்று நிறுத்தியிருக்கிறார்கள். வழி சொல்லி அனுப்பித் தாங்களாகவே தப்பியவர்கள் இன்னொரு 50, 60 பேர் இருக்கலாம்.

பக்டவுன்: பலகை "பக்டவுன் வட்டாரத்து" என்றுதான் சொல்கிறது, அங்கே பிறந்தார் என்று சொல்லவில்லை. படிக்கிறவர்கள் அப்படி எடுத்துக்கொள்கிறார்கள், அவ்வளவே. பிறந்தது மேற்கே சில மைல் தள்ளி, பீட்டர்ஸ் நெக் பகுதியில் ஆன்டனி தாம்சன் என்பவரின் தோட்டத்தில். அங்கேதான் தந்தை பென் ராஸ் மரம் வெட்டும் வேலையில் இருந்தார். அவருடைய குடிசை இருந்த இடத்தைத் தொல்லியலாளர்கள் கண்டுபிடித்ததாக 2021-இல் அறிவித்தார்கள். பீங்கான் சில்லுகள், 1808-ஆம் வருடத்துக் காசு ஒன்று. இடம் இப்போது பிளாக்வாட்டர் வனவிலங்குக் காப்பகத்துக்குள். கடல் மட்டம் ஏறிச் சதுப்பு உள்ளே வந்துகொண்டே இருப்பதால் தோண்டுகிறவர்களுக்கு அவசரம்.

உங்கள் பெண்ணுக்குச் சொல்லுங்கள்: 1822, சுமார் 70.

---

வரிவடிவம்
திங்கள், காலை 7:05

பழுப்பேடு இவ்வளவு சொன்னபிறகு விவாதம் எதற்கு? தப்பு என்று தெரிந்த பலகையைக் கழற்ற வேண்டியதுதான். எத்தனை பேர் அதைப் படம் எடுத்துப் போடுகிறார்கள், எத்தனை பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதுகிறார்கள். உலோகத்தில் வார்த்திருந்தால் சத்தியம் என்று நம்புவது மனித இயல்பு.

இன்னொன்று, "அடிமைகள்" என்ற சொல். இப்போதெல்லாம் "அடிமையாக்கப்பட்டவர்கள்" என்று எழுத வேண்டும் என்கிறார்கள். அடிமை என்பது ஒருவரின் அடையாளம் இல்லை, அவருக்கு இன்னொருவர் செய்த செயல். புதுப் பலகை வைத்தால் இதையும் சேர்த்தே திருத்தலாம்.

---

கோவை_குசும்பன்
திங்கள், காலை 7:40

300-ஐ 70 ஆக்கினால் படிக்கிறவன் "இவ்வளவுதானா" என்று போய்விடுவானே ஐயா. பலகை என்பதே பெருமை பேசத்தானே?

---

நயாகரா_நிலா
திங்கள், காலை 8:20

"இவ்வளவுதானா" என்று எழுதுகிற தம்பி, ஒருக்கால் மேப்பை எடுத்துப் பாருங்கோ. பக்டவுனில் இருந்து நான் இருக்கிற பக்கம், ஒன்ராறியோவின் சென் கதரின்ஸ் வரைக்கும் எவ்வளவு தூரம் என்று. 1850-இல் வந்த தப்பியோடிய அடிமைகள் சட்டத்துக்குப் பிறகு பிலடெல்பியாவும் பாதுகாப்பில்லை, நியூயோர்க்கும் பாதுகாப்பில்லை. பிடித்து மறுபடியும் தெற்கே அனுப்பலாம். அதனால்தான் எல்லை தாண்டிக் கனடா வரைக்கும் கூட்டி வர வேண்டி இருந்தது. எழுபது பேரை, அதில் குழந்தைகளும் கிழவர்களும், பனிக்காலத்தில். நீண்ட இரவு வேண்டும் என்பதற்காக அவ அனேகமாகக் குளிர்காலத்தில்தான் போவாவாம்.

அவ வந்து இருந்த இடம் எங்கட சென் கதரின்ஸ். ஜெனீவா ஸ்ட்ரீட்டில் சேலம் சாப்பல் என்று ஒரு தேவாலயம், தப்பி வந்த ஆட்கள் 1855-இல் கட்டி முடித்தது, இன்னும் இருக்கு. முதல் தரம் பெயரைக் கேட்டபோது எங்கட வீட்டுக்காரர் "சேலத்து ஆட்கள் கட்டினதா" என்று கேட்டவர். எருசலேமின் சேலம் என்று விளங்கப்படுத்த வேண்டியதாப் போச்சு. ரொறொன்ரோவில் இருந்து ஒன்றேகால் மணித்தியாலம், நயாகரா நீர்வீழ்ச்சிக்குப் போற வழி. நம்மட ஆட்கள் விருந்தினரைக் கூட்டிக்கொண்டு அந்த வழியால் எத்தனை தரம் போறம், ஒரு தரம் இறங்குறேல்லை.

1857-இல் தாய் தகப்பனையும் கொண்டுவந்தவ. அதுகளுக்கு வயது எழுபதுக்கு மேல், இங்கத்தக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. அதாலதான் 1859-இல் நியூயோர்க் மாநிலத்தில் ஓபர்ன் என்ற ஊரில் காணி வாங்கி அங்கே கொண்டுபோய் வைத்தவ. கேட்க எங்கட வீட்டுக் கதை போலவே இருக்கு. அம்மாவை ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்டால் முதல் ஜனவரியிலேயே "என்னை ஊருக்கு அனுப்பு" என்பார்களே. அவவின் தாய்க்குத் திரும்பிப் போக ஊரும் இல்லை.

---

விரிகுடாக்காரன்
திங்கள், நண்பகல் 12:15

நிலா அக்கா, அடுத்த கோடையில் நயாகரா வரும்போது கண்டிப்பாக இறங்குகிறேன்.

வரிவடிவம் சொல்வது சரிதான், ஆனால் அந்தப் பலகையைக் கழற்றுவதில் எனக்கு ஒரு தயக்கம். நேற்று இரவு தேடியபோது கிடைத்த விஷயம். பலகையை வைத்த ஆணையம் 1961 முதல் 1965 வரையான நூற்றாண்டு நினைவுக்காக அமைந்தது. அந்த வருடங்களில் பக்கத்து கேம்பிரிட்ஜ் எப்படி இருந்தது தெரியுமா? ரேஸ் ஸ்ட்ரீட் என்று ஒரு தெரு (இனத்தெரு என்று மொழிபெயர்க்கலாம்போல, பொருத்தம் அப்படி). ஒரு பக்கம் வெள்ளையர், மறுபக்கம் கறுப்பினத்தவர். குளோரியா ரிச்சர்ட்சன் என்ற பெண்மணி தலைமையில் உணவகம், பள்ளி, வீடு, வேலை எல்லாவற்றுக்கும் போராட்டம். 1963 ஜூனில் தேசியக் காவல்படை வந்து இறங்கி, இடையில் சில நாள் தவிர ஏறக்குறைய ஒரு வருடம் ஊரிலேயே கிடந்தது. சிப்பாயின் துப்பாக்கிக் கத்தியை அந்தம்மா கையால் தள்ளிவிடும் படம் ஒன்று உண்டு, தேடிப் பாருங்கள். முகத்தில் கோபம்கூட இல்லை, கொசுவைத் தட்டுவதுபோல் ஓர் அலட்சியம்.

அந்தக் காலத்து மேரிலாந்தில், நூற்றாண்டு விழா என்றால் தளபதிகளையும் போர்க்களங்களையும் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், அரசு ஆணையம் ஒன்று ஒரு கறுப்பினப் பெண்ணின் பெயரை உலோகத்தில் வார்த்து வயலோரம் நட்டிருக்கிறது. யார் வற்புறுத்தினார்களோ. அதனால் 300 என்பதும் எனக்கு வரலாறாகத்தான் தெரிகிறது, டப்மனின் வரலாறாக இல்லை, அவரை நினைத்துக்கொண்டவர்களின் வரலாறாக.

என் யோசனை: பழையதைத் தொடாதீர்கள். பக்கத்தில் இன்னொன்று வையுங்கள்.

---

பழுப்பேடு
திங்கள், பிற்பகல் 2:30

அந்த 300-ஐ ஆணையம் கற்பனை செய்யவில்லை. ஓபர்னில் நீதிமன்றக் கட்டடத்துக்கு 1914-இல் ஒரு வெண்கலத் தகடு வைத்தார்கள். திறப்பு விழாவில் பேசியவர் கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டன். அதிலும் "முந்நூறுக்கும் மேற்பட்டோர்" என்றுதான் இருக்கிறது. பிறந்தது "சுமார் 1821". பின் 1937-இல் கறுப்பினப் பெண்கள் சங்கங்களின் கூட்டமைப்பு வைத்த கல்லறைக் கல் "சுமார் 1820" என்கிறது. ஒரு புத்தகம், அதைப் பார்த்து ஒரு தகடு, அதைப் பார்த்து ஒரு கல், அதைப் பார்த்து ஒரு பலகை. நாம் வாட்ஸ்அப்பைத் திட்டுகிறோம்!

ஆனால் ஓபர்ன் தகட்டிலும் கல்லிலும் ஆண்டுக்கு முன்னால் "சுமார்" என்ற ஒரு சொல் இருந்தது. சாலையோரப் பலகைக்கு வரும்போது அது உதிர்ந்துவிட்டது. எழுத்துக்கு இடம் பற்றாக்குறையோ என்னவோ. என்னைக் கேட்டால் அந்தப் பலகையின் பெரிய குறை அந்த ஒரு சொல்தான்.

---

தெற்குக்காற்று
திங்கள், இரவு 8:55

தென் கரோலினாவிலிருந்து எழுதுகிறேன். இழையை முழுக்கப் படித்தேன். எல்லோரும் 300-ஐப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். பலகையில் இல்லாததை யாரும் பார்க்கவில்லை.

சார்ல்ஸ்டனிலிருந்து பியூஃபோர்ட் போகும் வழியில், 17-ஆம் எண் சாலை கம்பாகீ ஆற்றைக் கடக்கும். அந்தப் பாலத்துக்கு ஹாரியட் டப்மன் பாலம் என்று பெயர். வாரம் ஒருமுறையாவது வேலைக்காக அந்த வழியே போகிறவன் நான். சுற்றிலும் பழைய நெல் வயல்கள். ஆமாம், நெல். அடிமைகளின் கையால் சதுப்பை வெட்டி, கரை கட்டி, மதகு வைத்து நெல் விளைவித்த பகுதி. சேற்றில் மலேரியாவில் செத்தவர்களுக்குக் கணக்கே கிடையாது.

1863 ஜூன் 1 இரவு கிளம்பி, 2-ஆம் தேதி விடியற்காலை கர்னல் ஜேம்ஸ் மான்ட்கமரியின் தலைமையில் ஒன்றியப் படையின் (வடக்கு மாநிலங்களின் படை) கறுப்பினச் சிப்பாய்கள் ஆற்றில் மேலேறி வந்தார்கள். டப்மனும் அவருடைய சாரணர்களும் முன்கூட்டியே உள்ளூர் அடிமைகளிடம் பேசி, ஆற்றில் கண்ணிவெடி எங்கே கிடக்கிறது என்று தெரிந்து வைத்திருந்தார்கள். தோட்டங்கள், களஞ்சியங்கள், நெல் ஆலைகள் எரிந்தன. சங்கொலி கேட்டதும் வயலில் இருந்தவர்கள் கொதிக்கும் சோற்றுப் பானையைத் தலையில் வைத்தபடி, பிள்ளையை இடுப்பில் இடுக்கியபடி, பன்றிக்குட்டியையும் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடி வந்ததை டப்மன் பின்னால் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறார். அந்த ஒரே நாளில் விடுதலையானவர்கள் 700-க்கும் மேல்.

இப்போது பலகையைத் திரும்பப் படியுங்கள். 70 என்று இருக்க வேண்டிய இடத்தில் 300 என்கிறது. 700 என்று இருக்க வேண்டிய இடத்தில் "தாதி, சாரணர், உளவாளி" என்று மூன்று சொல்லோடு நிறுத்திக்கொள்கிறது. கூட்டிச் சொல்லியும் குறைத்துவிட்டார்கள்!

அவரே படைக்குத் தலைமை தாங்கினார் என்று சிலர் எழுதுவார்கள், அதுவும் சரியில்லை. கட்டளை மான்ட்கமரியுடையது. ஆனால் இவர் கொண்டுவந்த தகவல் இல்லாமல் அந்தப் படகுகள் வெடித்துச் சிதறியிருக்கும்.

---

கோவை_குசும்பன்
திங்கள், இரவு 9:10

சோற்றுப் பானையோடு ஓடினார்களா! பாஸ், இதுதான் பலகையில் இருக்க வேண்டியது. என் "இவ்வளவுதானா"-வை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

சம்பளம் கொடுத்தார்களா இல்லையா அந்தம்மாவுக்கு?

---

பழுப்பேடு
திங்கள், இரவு 11:02

போர்ச் சேவைக்கு ஒழுங்காகக் கிடைக்கவில்லை. தாமே பலகாரம் சுட்டு, ரூட் பியர் என்ற வேர்ப் பானம் காய்ச்சி விற்று அங்கே பிழைத்தார். போருக்குப் பின் முப்பது வருடத்துக்கு மேல் மனுப் போட்டுக்கொண்டே இருந்தார். முதலில் கிடைத்தது இரண்டாவது கணவர் நெல்சன் டேவிஸ் சிப்பாயாக இருந்ததற்கான விதவை ஓய்வூதியம், மாதம் 8 டாலர். 1899-இல் தாதி வேலையையும் கணக்கில் எடுத்து மொத்தம் 20 ஆக்கினார்கள். சாரணர், உளவாளி என்ற வேலைக்கு ஓய்வூதியத்தில் இடமே இல்லை. 2024 நவம்பர் 11 அன்று மேரிலாந்து தேசியக் காவல்படை அவருக்கு பிரிகேடியர் ஜெனரல் பதவி கொடுத்தது. இறந்து 111 வருடம் கழித்து. விரிகுடாக்காரர் சொன்ன கேம்பிரிட்ஜ் தெருவில் ஒரு வருடம் காவல் நின்ற அதே படைதான்.

---

வரிவடிவம்
செவ்வாய், காலை 6:50

தெற்குக்காற்று எழுதியது என் பக்கத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. தப்பும் இருக்கிறது, விடுபடலும் இருக்கிறது. பிறகு எதற்கு அந்தப் பலகை? பக்கத்தில் இரண்டாவது ஒன்று வைத்தால் 60 மைல் வேகத்தில் போகிறவன் எதைப் படிப்பான்? முதலில் கண்ணில் படுவதைத்தான்.

---

விரிகுடாக்காரன்
செவ்வாய், காலை 9:25

அந்தச் சாலையில் 60 மைலில் போனால் சதுப்பில்தான் போய் விழ வேண்டும் ஐயா. அங்கே போகிறவர்கள் பலகையைப் பார்க்கவென்றே போகிறவர்கள்.

கழற்றுவதில் எனக்குள்ள இன்னொரு பயம், ஒருமுறை கழற்றப் பழகிவிட்டால் எதையும் கழற்றலாம் என்பது. 2025-இல் தேசியப் பூங்காச் சேவையின் இணையப் பக்கத்தில் நடந்ததை மறந்துவிட்டீர்களா? நிலத்தடி ரயில்பாதை பற்றிய பக்கத்தின் தலையில் இருந்த டப்மன் படத்தையும் வாசகத்தையும் எடுத்துவிட்டு, அடிமைமுறை பற்றிய பேச்சையும் மென்மையாக்கி மாற்றி எழுதினார்கள். பத்திரிகையில் வந்து சத்தம் கிளம்பியதும் ஏப்ரலில் பழையபடி போட்டார்கள். திரையில் இருப்பதை ஒரே சொடுக்கில் மாற்றலாம், ராத்திரியோடு ராத்திரியாக. வயலோரம் நட்ட பலகையை அப்படிச் செய்ய முடியாது, லாரி வர வேண்டும், நாலு பேர் பார்ப்பார்கள்.

---

வரிவடிவம்
செவ்வாய், காலை 9:58

திருத்துவதும் அழிப்பதும் ஒன்றா? அகராதியில் அச்சுப்பிழை இருந்தால் அடுத்த பதிப்பில் திருத்துகிறோம். யாரும் அகராதியை எரித்ததாகச் சொல்வதில்லை.

சரி, ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன். கழற்றினால் குப்பையில் போடக் கூடாது. பார்வையாளர் மையத்துக்குள் வைத்து, "இப்படித்தான் முன்பு நம்பினோம்" என்று எழுதி மாட்டலாம். 1820, 300 என்று சொன்னதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை என்பதும் உண்மை.

---

நெறியாளர்
செவ்வாய், காலை 11:30

நடுகல் மரபையும் இதையும் ஒப்பிட்டு எழுதிய நான்கு பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். அங்கே அடித்துக்கொள்ளுங்கள். இங்கே பக்டவுன் மட்டும்.

---

நயாகரா_நிலா
செவ்வாய், மாலை 5:40

பழுப்பேடு அண்ணா, ஆள் ஆளாகப் பெயர் தேடினார்கள் என்று எழுதினீங்கள். அந்தப் பெயர்கள் கிடைக்குமோ? எழுபது என்றால் எனக்கு மனதில் நிற்காது, பெயர் என்றால் நிற்கும்.

---

பழுப்பேடு
செவ்வாய், இரவு 10:20

எல்லாம் சொல்ல முடியாது, நினைவில் நிற்கிற சிலரைச் சொல்கிறேன்.

முதலில் கெசையா. டப்மனின் அக்கா மகள். 1850 டிசம்பரில் கேம்பிரிட்ஜ் நீதிமன்றத்து வாசலில் இரண்டு பிள்ளைகளோடு ஏலத்துக்கு நிறுத்தினார்கள். ஒருவர் விலை கேட்டார், ஏலம் முடிந்தது, பணம் கட்டக் கூப்பிட்டால் ஆளைக் காணவில்லை. கேட்டவர் அவளுடைய கணவர் ஜான் பௌலியேதான், சுதந்திரம் பெற்ற கறுப்பினத்தவர். விஷயம் விளங்குவதற்குள் குடும்பத்தையே படகில் ஏற்றி விரிகுடா வழியே பால்டிமோர் கொண்டுபோய்விட்டார். அங்கே காத்திருந்தது டப்மன். அந்தப் பிள்ளைகளில் ஒருவன் ஜேம்ஸ், ஆறு வயதுக்காரன். தெற்குக்காற்றுக்குச் சந்தோஷமாக இருக்கும்: அவன் வளர்ந்து போருக்குப் பின் தென் கரோலினாவில் ஆசிரியராகி, மாநிலச் சட்டமன்ற உறுப்பினராகவும் ஆனான்.

அடுத்து 1854 கிறிஸ்துமஸ். தம்பிகள் பென், ஹென்றி, அண்ணன் ராபர்ட் மூவரையும் பண்டிகை முடிந்த மறுநாள் விற்பதாக இருந்தது. எழுதப் படிக்கத் தெரிந்த ஜேக்கப் ஜாக்சன் என்ற சுதந்திரக் கறுப்பினத்தவருக்கு டப்மன் ஆள் வைத்துக் கடிதம் எழுதினார்: சீயோனின் பழைய கப்பல் வரும், என் சகோதரர்களை ஏறத் தயாராக இருக்கச் சொல் என்று. கடிதத்தைப் பிரித்துப் படித்த வெள்ளைக்காரர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஜாக்சனும் "எனக்கும் தலைகால் புரியவில்லை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, நேரே போய்ச் செய்தியைச் சொல்லிவிட்டார்.

பாப்லர் நெக்கில் பெற்றோர் வீட்டுக்குப் பக்கத்துத் தீவனக் கொட்டகையில் எல்லோரும் ஒளிந்திருந்தார்கள். அம்மாவிடம் சொல்லவில்லை. அழுது ஊரைக் கூட்டிவிடுவாள் என்ற பயம். மகன்கள் விருந்துக்கு வருவார்கள் என்று சமைத்து வைத்துவிட்டு அவள் வாசலுக்கும் அடுப்புக்குமாக நடப்பதைப் பலகை இடுக்கு வழியே பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா பென் ராஸ் சோறு கொண்டுவந்து கொடுத்தார், கண்ணைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு. "உன் மகன்களைப் பார்த்தாயா" என்று பின்னால் கேட்டால் பொய் சொல்லக் கூடாதே. கண் கட்டியபடியே கொஞ்ச தூரம் அவர்களோடு நடந்து வழியனுப்பிவிட்டு, காலடிச் சத்தம் தேயும்வரை நின்றாராம். டிசம்பர் 29 அன்று அவர்கள் பிலடெல்பியாவில், தப்பி வருகிறவர்களுக்கு உதவிய வில்லியம் ஸ்டில் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஸ்டில் பெயர், வயது எல்லாம் எழுதி வைத்தார். எழுபது என்ற கணக்குக்கு அந்தமாதிரி ஏடுகள்தான் ஆதாரம்.

அப்புறம் வராதவர்கள். அக்காக்கள் லைனா, மரையா ரிட்டி, சோஃப் மூவரும் இவர் தப்பி ஓடும் முன்பே தெற்கே விற்கப்பட்டுவிட்டார்கள். தங்கை ரேச்சலுக்காக எத்தனையோ முறை முயன்றார். தன் பிள்ளைகள் பென், ஆன்ஜரீன் இருவரையும் விட்டுவிட்டு வர ரேச்சலுக்கு மனமில்லை, அவர்களை வேறிடத்தில் வைத்திருந்தார்கள். 1860 கடைசியில் டப்மன் மறுபடி போனபோது ரேச்சல் இறந்துபோயிருந்தாள். பிள்ளைகளை வெளியே எடுக்க 30 டாலர் லஞ்சம் தேவைப்பட்டது. கையில் இல்லை. அந்தப் பயணத்தில் அவர்களுக்குப் பதில் என்னல்ஸ் என்ற குடும்பத்தைக் கைக்குழந்தையோடு அழைத்து வந்தார். அதுதான் கடைசிப் பயணம். பென், ஆன்ஜரீன் என்ன ஆனார்கள் என்பதற்கு ஏடு இல்லை.

---

வரிவடிவம்
புதன், காலை 7:15

30 டாலர்.

பலகை எப்படியோ போகட்டும். இந்தப் பதிவை யாராவது சேமித்து வையுங்கள்.

---

விரிகுடாக்காரன்
வியாழன், இரவு 8:30

பெண் எழுதி முடித்துவிட்டாள். முதல் பக்கத்தில் பலகையின் படம், அதன் கீழே பென்சிலால் "சுமார்" என்று இரண்டு இடத்தில் எழுதி அம்புக்குறி போட்டிருக்கிறாள். பழுப்பேடு ஐயா, அது உங்கள் உபயம். இரண்டாம் பக்கத்தில் பெயர்கள். ஆன்ஜரீனுக்கு என்ன எழுத்துக்கூட்டல் என்று மூன்று முறை கேட்டாள்.

அடுத்து பாப்லர் நெக் போக வேண்டுமாம். டிசம்பரிலேயே போக வேண்டுமாம், குளிர் எப்படி இருந்தது என்று தெரிய. நான் ஏப்ரலுக்குப் பேரம் பேசிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பக்கம் போனவர்கள் யாராவது சொல்லுங்கள், ஏப்ரலில் கொசு எப்படி?

---

தெற்குக்காற்று
வியாழன், இரவு 8:52

டிசம்பரில் கொசு இருக்காது சார். பெண் சொல்வதைக் கேளுங்கள்.